வேலூரில் இருந்துகொண்டு சொந்தமாக காமிக்ஸ் போட்டு விற்பது: வரைந்தவர் கைக்குப் பணம் சேரும் வரை முழு வழிகாட்டி

கையில் ஒரு கதையும் கூடவே ஒரு ஓவியரும் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு, குடியாத்தம் பக்கம் சொந்தக் காசில் காமிக்ஸ் போட வருகிற இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முதலில் வரைந்து முடிக்கிறார்கள், அப்புறம் அச்சடிக்கிறார்கள், அப்புறம் விலை வைக்கிறார்கள், ஓவியருக்கு என்ன கொடுப்பது என்று கடைசியில்தான் பேசுகிறார்கள். அதற்குள் கொடுக்க எதுவும் மீதி இருப்பதில்லை. நண்பர்களுக்குள் மனக்கசப்புதான் மிச்சம்.

ஆகவே இங்கே வரிசைதான் முக்கியம். உதாரணத்துக்கு, 1806 ஜூலை 10 அன்று கோட்டையில் நடந்த சிப்பாய்ப் புரட்சியை வைத்து 48 பக்க வண்ணக் கதை, 500 பிரதி என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் வரும் செலவுத் தொகைகள் கணக்கு புரிவதற்காக நான் போட்டவை. உங்கள் அச்சகம் சொல்லும் விலையை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

1. பக்க எண்ணிக்கையையும் அளவையும் முதலில் முடிவு செய்யுங்கள்

அச்சகத்தில் தாள் ஃபாரம் கணக்கில் ஓடுகிறது. ஒரு ஃபாரம் என்பது ஒரே பெரிய தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள், பொதுவாக 16. உங்கள் கதை 50 பக்கத்தில் முடிந்தால், அந்த 2 பக்கத்துக்காக இன்னொரு துண்டு ஃபாரம் ஓட வேண்டும். கதையை 48-க்குள் அடக்குங்கள், இல்லையென்றால் 64 வரை வளர்த்துங்கள். மெல்லிய புத்தகத்துக்கு சென்டர் பின் (நடுமடிப்பில் பின் அடிப்பது) போதும். ஆனால் பக்கங்கள் 4-ஆல் வகுபட வேண்டும்.

தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், அடுத்த வெளியீட்டு அறிவிப்பு எல்லாம் இந்த 48-க்குள்தான் வருகின்றன. இதை மறந்துவிட்டு 48 பக்கமும் கதையாக வரைந்துவிட்டு, பதிப்பு விவரத்தை அட்டையின் உள்பக்கத்தில் திணிக்கிறவர்கள் உண்டு. உள்அட்டையில் அச்சடிக்கத் தனிச் செலவு என்று அப்போதுதான் தெரிகிறது.

2. மூன்று அச்சகங்களில் எழுத்தில் விலை வாங்குங்கள்

வரையத் தொடங்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். தாள், வண்ணம், அளவு இவற்றைப் பொறுத்துத்தான் புத்தகத்தின் விலை அமையும், விலையைப் பொறுத்துத்தான் உங்கள் பங்கு அமையும்.

வேலூரிலேயே ஒன்று, சென்னையில் ஒன்று, சிவகாசியில் ஒன்று கேளுங்கள். கேட்கும்போது எல்லோருக்கும் ஒரே விவரத்தைக் கொடுங்கள்: அளவு, பக்கம், உள்தாள் (130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர் என்ற வழவழப்பான தாளா, 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ என்ற சாதாரண வெள்ளைத் தாளா; ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை), அட்டை (300 ஜிஎஸ்எம்), லேமினேஷன், பைண்டிங், பிரதி எண்ணிக்கை, லாரி பார்சல் செலவு, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா. 100 முதல் 300 பிரதி வரை டிஜிட்டல் அச்சு கட்டுப்படியாகும். 500-க்கு மேல் ஆஃப்செட் (தகடு போட்டு அடிக்கும் அச்சு) பக்கம் போனால்தான் ஒரு பிரதியின் விலை இறங்கும்.

அச்சிட்ட புத்தகத்தின் விற்பனைக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆனால் அச்சகம் உங்கள் பில்லில் போடும் ஜிஎஸ்டியை நீங்கள் திரும்பப் பெறவும் முடியாது, ஏனென்றால் நீங்கள் விற்கிற பொருளுக்கு வரி கிடையாது. அந்தத் தொகை முழுக்க உங்கள் செலவு. ‘வரி தனி’ என்று சின்ன எழுத்தில் போட்ட விலையை நம்பிக் கணக்குப் போட்டவர்கள், பில் வந்ததும் முழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நேரமும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்கு வேண்டும் என்றால் அக்டோபருக்குள் ஃபைல் போய்விட வேண்டும். அதற்கு மேல் சிவகாசியில் காலண்டர், டைரி வேலை தலைக்கு மேல் ஓடும். போதாக்குறைக்கு நவம்பர் மழையில் தாளும் பைண்டிங்கும் காயத் தாமதமாகும்.

3. விலையும் பங்கும்: இந்தக் கணக்கை முடிக்காமல் பேனாவைத் தொடாதீர்கள்

ஒரு பிரதிக்கு 60 ரூபாய் என்று அச்சகம் சொன்னதாக வைப்போம். 500 பிரதிக்கு 30,000. விலை என்ன வைப்பது?

‘நம்ம பசங்க வாங்கணும், 120 வைப்போம்’ என்பதுதான் வழக்கமான பதில். விநியோகஸ்தர் 50 சதவீதம் கழிவு கேட்டால் கையில் வருவது 60. அது அச்சுச் செலவுக்கே சரியாகப் போய்விடும். எழுதியவர், வரைந்தவர், வண்ணம் போட்டவர் எல்லோரும் சும்மா உழைத்ததாக ஆகும். அச்சுச் செலவின் மூன்று மடங்குக்குக் குறையாமல் விலை வையுங்கள். இங்கே 200 என்று வைப்போம்.

இனி 500 பிரதியும் எங்கே போகும் என்று பாருங்கள். சட்டப்படி நூலகங்களுக்கு அனுப்புவது, விமர்சனத்துக்குக் கொடுப்பது, ஆசிரியர் பிரதிகள், பார்சலில் மூலை நசுங்கியவை எல்லாமாக 30 கழியும். மீதி 470. அதில் 150 முன்பதிவில் முழு விலைக்குப் போகிறது: 30,000. புத்தகக் காட்சியில் வழக்கமான 10 சதவீதத் தள்ளுபடியில் 120 போகிறது: 21,600. கடைகள் வழியாக 35 சதவீதக் கழிவில் 130 போகிறது: 16,900. 70 பிரதி வீட்டில் நிற்கிறது. மொத்த வரவு 68,500.

செலவு: அச்சு 30,000, பார்சல் 1,500, பேக்கிங் 1,200, ஸ்டால் பங்கு 5,000, போக்குவரத்து 2,000. மொத்தம் 39,700. மிஞ்சுவது 28,800.

ஓவியருக்கு 60, எழுத்தாளருக்கு 30, வசன எழுத்துப் பதித்தவருக்கு 10 என்று பிரித்தால், ஓவியருக்கு 17,280 கிடைக்கும். அதை 48-ஆல் வகுத்தால் பக்கத்துக்கு 360 ரூபாய். கோட்டை மதிலும் அகழியும் குதிரைகளும் வருகிற ஒரு பக்கத்தை வரைந்து மை போட்டு வண்ணம் தீட்ட ஒரு நாளைக்கு மேல் ஆகும். இந்த எண்ணை ஓவியர் முன்கூட்டியே பார்த்துவிட்டுச் சம்மதிக்கட்டும். சிலர் வண்ணத்தை விட்டுக் கறுப்பு வெள்ளைக்கு மாறுவார்கள், சிலர் 48-ஐ 32 ஆக்குவார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். மூன்றுமே நல்ல முடிவுதான், வரைவதற்கு முன் எடுத்தால்.

4. ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள்

நண்பனிடம் போய் எப்படிக் கையெழுத்துக் கேட்பது என்று தயங்குவார்கள். நண்பன் என்பதால்தான் கேட்க வேண்டும். இரண்டு பக்கத் தமிழில் எழுதிக்கொண்டால் போதும்.

1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை ஒருவர் இன்னொருவருக்கு மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். உரிமையை வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தால் தவிர, அது காலாவதியாகும். ஒரு பதிப்பகம் உங்கள் கதையை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டால் இந்தக் கடைசி விதி உங்களைக் காப்பாற்றும். அதனால்தான் சில ஒப்பந்தங்களில் அதை நீக்கும் வரி ஒன்று நைசாக இருக்கும். தேடிப் பாருங்கள்.

எழுத வேண்டியவை: பாத்திரங்கள் யாருக்குச் சொந்தம், அசல் ஓவியத் தாள்கள் யாரிடம் இருக்கும் (வரைந்தவரிடம் இருப்பதே நியாயம்), மொழிபெயர்ப்பு, மின்னூல், திரைப்பட உரிமைகளில் யாருக்கு எவ்வளவு, பாதியில் ஒருவர் விலகினால் என்ன.

அப்புறம் ராயல்டி. ‘10 சதவீத ராயல்டி’ என்று மட்டும் எழுதினால் போதாது. எதில் 10 சதவீதம்? அட்டை விலையில் என்றால் பிரதிக்கு 20 ரூபாய். கைக்கு வந்த பணத்தில் என்றால், விநியோகஸ்தர் வழியாகப் போகும் பிரதிக்கு 10 ரூபாய்தான். ஒரே சொல், பாதிப் பணம். வேறு பதிப்பகத்துக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் அட்டை விலையில் கேளுங்கள். நீங்களே போடுகிறீர்கள் என்றால் மேலே காட்டியபடி செலவு போக மீதியைப் பிரிப்பது நல்லது. ஆனால் எவையெல்லாம் ‘செலவு’ என்பதைப் பட்டியலாக ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பெட்ரோலும் டீயும் பிரியாணியும் அதில் ஏறும்.

5. வசனம் எழுதிவிட்டு வரையுங்கள்

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘சுற்றிவளைத்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒரே சொல் ஒரு கட்டத்தின் குறுக்களவைத் தின்றுவிடும். கட்டத்தை வரைந்து முடித்தபின் வசனக் குமிழைப் போட்டால் அது ஆளின் முகத்தில் போய் உட்காரும். ஆகவே பென்சில் நிலையிலேயே எழுத்தைப் பதித்துப் பாருங்கள், அப்புறம் மை போடுங்கள்.

அச்சுக்கு வண்ணப் பக்கம் 300 டிபிஐ, சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மை நிறங்கள்), நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டும் கோட்டைத் தாண்டி நீளும் படம்). வசன எழுத்துக்குக் கறுப்பு மட்டும் இருக்க வேண்டும். நான்கு நிறமும் கலந்த கறுப்பாக இருந்தால் சின்ன எழுத்தில் நிறம் பிசிறும். எழுத்துருக்களை அவுட்லைனாக மாற்றிவிட்டு பிடிஎஃப் எடுங்கள். இல்லையென்றால் அச்சகத்துக் கணினியில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

இதே நேரத்தில் ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்) கேட்டு விண்ணப்பியுங்கள். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இதை இலவசமாகத் தருகிறது. காசு கேட்கும் இடைத்தரகர்களிடம் போகத் தேவையில்லை. எண் வரத் தாமதமாகலாம், பின்அட்டையில் பார்கோடு வர வேண்டும், ஆகவே அட்டை வேலை தொடங்கும்போதே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். மின்னூலுக்குத் தனி எண்.

6. முன்பதிவு: அச்சகத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

முன்பணம் கட்டிப் புத்தகம் வாங்குவது தமிழ் காமிக்ஸ் வாசகர்களுக்குப் பழக்கமானது. சிவகாசி லயன்-முத்து காமிக்ஸ் பல ஆண்டுகளாக சந்தாவிலும் முன்பதிவிலும்தான் பெரிதும் ஓடுகிறது. அந்த வாசகர்கள்தான் உங்களுக்கும் முதல் வாசகர்கள். (கிக்ஸ்டார்ட்டர் என்ற இணைய நிதி திரட்டும் தளத்தில் இந்தியாவிலிருந்து திட்டம் தொடங்க முடியாது. அந்த யோசனையில் நேரத்தைக் கழிக்க வேண்டாம்.)

நான் சொல்வது ஒரே விதி: முன்பதிவுத் தொகை அச்சுச் செலவைத் தொடும் வரை அச்சடிக்காதீர்கள். நம் உதாரணத்தில் 150 பேர். தொடவில்லை என்றால் 500-ஐ விட்டுவிட்டு டிஜிட்டலில் 150 போடுங்கள். கடன் வாங்கி அச்சடித்த புத்தகத்தில் வரும் முதல் பணம் எல்லாம் கடனுக்குத்தான் போகும், ஓவியர் வரிசையின் கடைசியில் நிற்பார்.

பத்து முடிந்த பக்கங்களாவது காட்டக் கையில் இருந்தால்தான் முன்பதிவை அறிவியுங்கள். அட்டைப்படத்தை மட்டும் காட்டிப் பணம் வாங்கிவிட்டு ஏழு மாதம் இழுத்தடித்தால், அடுத்த புத்தகத்துக்கு அந்த 150 பேரும் வர மாட்டார்கள். பணம் தனி வங்கிக் கணக்குக்கு வரட்டும். சொந்த யூபிஐ-யில் வந்தால் மளிகைக் கடைப் பணத்தோடு கலந்துவிடும், அப்புறம் பிரிக்கவே முடியாது.

7. அச்சு

முழு அச்சுக்கு முன் ஒரு மாதிரிப் பிரதியைக் கையில் வாங்கிப் பாருங்கள். கணினித் திரையில் பளிச்சென்று இருக்கும் இரவுக் காட்சிகள் தாளில் சேறாக இறங்கும். கதை விடியற்காலையில் நடக்கிறது என்றால் இது இன்னும் ஆபத்து. பக்க வரிசை, மடிப்பில் மாட்டும் வசனம் இரண்டையும் வரைந்தவர் அல்லாத ஒருவர் பார்க்கட்டும்.

புத்தகம் வந்ததும் எண்ணுங்கள். பண்டலில் 50 என்று எழுதியிருந்தால் 50 இருக்கிறது என்று அர்த்தமில்லை. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் 30 நாளுக்குள் ஒவ்வொரு பிரதி அனுப்பிவிடுங்கள். பின்னால் நூலகத்துக்கு விற்க விண்ணப்பிக்கும்போது பதிப்பு ஆவணங்கள் ஒழுங்காக இருப்பது உதவும்.

8. விற்பனை: எந்த வழியில் எவ்வளவு நிற்கும்

முதலில் முன்பதிவு செய்தவர்களுக்கு அனுப்புங்கள். கடையில் புத்தகத்தைப் பார்த்த பிறகு அவர்களுக்குப் பார்சல் போனால் மரியாதை இருக்காது. தபால் செலவை விலையில் ஒளிக்காமல் தனியாக வாங்குங்கள். 2025 மே மாதம் புத்தகங்களுக்கென்று ஞான் போஸ்ட் வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாயில் தொடங்குகிறது. இந்த அளவுப் புத்தகம் ஏறக்குறைய 165 கிராம்தான் வரும். காமிக்ஸை அந்த வகையில் எடுப்பார்களா என்று உங்கள் தபால் நிலையத்தில் ஒரு பிரதியைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். பதிப்பாளர், அச்சகப் பெயர்கள் புத்தகத்தில் அச்சாகி இருக்கட்டும்.

கடை. லாங் பஜார், சாரதி மாளிகைப் பக்கம் உள்ள புத்தக, ஸ்டேஷனரி கடைகளில் போய்க் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில்: “வச்சிட்டுப் போங்க தம்பி, வித்தா பாத்துக்கலாம்.” அது மறுப்பு இல்லை. ஆனால் அது விற்பனையும் இல்லை. புதியவர்கள் ஆறு கடையில் 20 பிரதி வீதம் வைத்துவிட்டு ‘120 போயிடுச்சு’ என்று ஓவியருக்கு போன் போடுகிறார்கள். எல்லாக் குழப்பமும் அங்கே தொடங்குகிறது.

அமெரிக்க காமிக்ஸ் பற்றிய கட்டுரைகளைப் படித்தவர்கள் இதில் கூடுதலாகத் தடுமாறுவார்கள். அங்கே காமிக்ஸ் கடைகள் பெரும்பாலும் திருப்பித் தர முடியாத கணக்கில் வாங்குகின்றன. ஆகவே கடைக்குப் போன பிரதியையே பதிப்பாளர் விற்றதாக எழுதிக்கொள்ள முடியும். அங்கே வரும் விற்பனைப் பட்டியல்களில் பலவும் கடைக்குப் போன எண்ணிக்கைதான். நம் ஊரில் கடையில் இருப்பது உங்கள் சரக்கு. அது உங்கள் சரக்கு என்று எழுத்தில் இருக்கவும் வேண்டும். அங்கே டயமண்ட் என்ற பெரிய விநியோக நிறுவனம் 2025 ஜனவரியில் திவால் மனு கொடுத்தபோது, விற்றபின் பணம் என்ற கணக்கில் அதன் கிடங்கில் இருந்த சிறு பதிப்பாளர்களின் புத்தகங்களை விற்றுக் கடனை அடைக்கலாமா என்று வழக்கே நடந்தது. ஆகவே டெலிவரி சலானில் ‘விற்றபின் பணம், விற்காதவை திரும்ப’ என்று எழுதி, தேதி, எண்ணிக்கை, கழிவு சதவீதம் போட்டு, கடைக்காரர் கையெழுத்து வாங்குங்கள்.

ஒரு கடைக்கு 5 பிரதிக்கு மேல் முதல் முறை வைக்காதீர்கள். 20 வைத்தால் அடியில் உள்ளவை வேலூர் வெயிலில் அட்டை சுருண்டு திரும்பி வரும்.

சிஎம்சி மருத்துவமனை எதிரே காந்தி ரோட்டில் எப்போதும் கூட்டம். அதைப் பார்த்து அங்கே அடுக்குகிறவர்கள் உண்டு. அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்தவர்கள், தமிழ் வசனம் படிக்க மாட்டார்கள். வசனமே இல்லாத படக்கதை ஒன்று போட்டால் அங்கே வைத்துப் பார்க்கலாம் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

காட்சிகள். மாவட்டப் புத்தகத் திருவிழா, ஜனவரியில் சென்னை, 2024 முதல் நந்தம்பாக்கத்தில் தொடங்கிய சென்னை காமிக் கான் ஆகியவைதான் நேர் விற்பனைக்கு நல்ல இடங்கள். தனி ஸ்டால் எடுக்க வேண்டாம், ஒரே புத்தகத்தை வைத்து வாடகையை எடுக்க முடியாது. ஏற்கெனவே ஸ்டால் போடுகிற பதிப்பகத்தின் மேஜையில் பங்கு கேளுங்கள். 100 பிரதி 16, 17 கிலோ வரும். காட்பாடியில் ரயில் ஏறும் முன் இதை நினைவில் வைத்து இரண்டு பையாகக் கட்டுங்கள். ஓவியர் மேஜையில் உட்கார்ந்து பெயர் எழுதிச் சின்னப் படம் போட்டுத் தந்தால் விற்பனை நிச்சயம் கூடும். அந்த நாளுக்கு அவருக்குத் தனியாகக் கூலி போடுங்கள்.

பள்ளிகள். நம் கதைக்கு ஜூலை 10 இயல்பான தேதி. மக்கான் பக்கம் நினைவுத் தூணில் மரியாதை செலுத்தும் வாரத்தில் பள்ளிகளிலும் அந்தப் பேச்சு இருக்கும். ஜூன் மாதமே போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள்.

மின்னூல். அமேசான் கிண்டிலில் 70 சதவீத ராயல்டி என்று கேள்விப்பட்டு ஓடுவார்கள். இந்திய விற்பனையில் 70 வேண்டும் என்றால் கேடிபி செலெக்ட் என்ற அமேசான் திட்டத்தில் சேர்ந்து, மின்னூலை வேறெங்கும் விற்காமல் இருக்க வேண்டும். அதோடு ஒரு எம்பிக்கு 7 ரூபாய் அனுப்பும் செலவாகக் கழிப்பார்கள். எழுத்து நாவலுக்கு அது ஒன்றுமில்லை. காமிக்ஸ் ஃபைல் 20 எம்பி என்றால் 140 ரூபாய், 99 ரூபாய்ப் புத்தகத்தில்! 35 சதவீதத் திட்டத்தில் அந்தக் கழிவு இல்லை. படக்கதைக்கு அதுதான் சரி.

நூலக ஆர்டர் வந்தால் சந்தோஷம். கணக்கில் சேர்க்காதீர்கள், வருவதும் பணமாவதும் தாமதம்.

9. வசூல்

ஒரு நோட்டுப் போடுங்கள். கடைக்கு ஒரு பக்கம். பத்திகள்: வைத்தது, விற்றது, திரும்பியது, வர வேண்டியது, வந்தது. ஒரு பக்கம் இப்படி இருக்கும்: வைத்தது 20 (ஐந்தைந்தாக நான்கு முறை), விற்றது 11, திரும்பியது 3 (ஒன்றின் மூலை மடங்கியது), கடையில் நிற்பது 6. வர வேண்டியது 11 × 130 = 1,430. வந்தது 1,000. பாக்கி 430.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை நேரில் போங்கள். போனில் கேட்டால் ‘பாத்துச் சொல்றேன்’ தான். நேரில் போய் அலமாரியில் நிற்பதை நீங்களே எண்ணிவிட்டு, மீதியை விற்றதாக எழுதுங்கள். பாக்கியை விடாமல் கேட்பதில் கூச்சம் வேண்டாம், அதில் 60 சதவீதம் உங்களுடையது அல்ல, ஓவியருடையது. இரண்டு சுற்றிலும் பணம் தராத கடையிலிருந்து புத்தகத்தை எடுத்துவிடுங்கள்.

10. பங்கு பிரிப்பது

‘வந்தது’ என்ற பத்தியில் இருக்கும் பணத்தை மட்டும் பிரியுங்கள். விற்றது, வர வேண்டியது எதையும் பிரிக்கக் கூடாது.

முதலில் அச்சும் ஒப்பந்தத்தில் எழுதிய மற்ற செலவுகளும் கழியட்டும். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு காலாண்டிலும், தொகை 600 ரூபாயாக இருந்தாலும், ஒப்பந்தச் சதவீதப்படி பிரித்து வங்கியில் போட்டுவிட்டு ஒரு பக்கக் கணக்குத்தாள் அனுப்புங்கள். எந்த வழியில் எத்தனை விற்றது, எவ்வளவு வந்தது, என்ன செலவு, எத்தனை பிரதி மிச்சம். எதுவும் விற்காத காலாண்டிலும் ‘விற்பனை இல்லை’ என்று தாள் போக வேண்டும். தாள் வராதபோதுதான் சந்தேகம் வளர்கிறது. அடுத்த கதையை வேறு யாருக்காவது வரைந்து கொடுக்க ஓவியர் கிளம்புவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

11. மறுஅச்சு

வீட்டில் 20 பிரதிக்குக் கீழே வந்ததும் மறுஅச்சு ஆசை வரும். அதற்கு முன் கடைகளில் நிற்பதை எண்ணுங்கள். ஆறு கடையில் 40 நின்றால் உங்களிடம் 60 இருக்கிறது. அவற்றைத் திரும்ப எடுத்து அடுத்த காட்சியில் விற்றுவிடலாம்.

மறுஅச்சுக்கு டிஜிட்டலில் 100 போதும். பிரதி விலை கூடும், ஆகவே கடைக் கழிவுக்குக் கட்டாது, நேர் விற்பனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பங்குச் சதவீதத்தை அப்போது திரும்பப் பேசலாம், பேசியதை பழைய ஒப்பந்தத்தின் பின்பக்கத்திலேயே எழுதி, தேதி போட்டு, எல்லோரும் கையெழுத்திடுங்கள்.